வைட்ஃபீல்டில் ஒரு பள்ளி தேடல்

பெரியவளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒரு மாதமாக எங்கள் சனிக்கிழமைகள் வைட்ஃபீல்டைச் சுற்றியுள்ள பள்ளி வாசல்களில்தான் போகின்றன. எந்தப் பள்ளியின் வழவழப்பான கையேட்டைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் ஒரே வசனம்: மாறிவரும் உலகத்துக்கு உங்கள் குழந்தையைத் தயார் செய்கிறோம். சரி, இந்த வசனம் எங்கே ஆரம்பித்தது என்று தோண்டிப் பார்த்தேன். (சாஃப்ட்வேர்காரன் புத்தி, பக் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் தூக்கம் வராது :-))

1924, ஜெனீவா. சர்வதேச சங்கத்திலும் ஐ.எல்.ஓ.விலும் வேலை பார்க்கப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் கவலை ரொம்பச் சாதாரணமானது. அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் தொடரும்? ஊர் திரும்பினால் அங்குள்ள பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுமா? இதே கவலைதான் 1968-ல் ஐ.பி. என்கிற அமைப்பாக வடிவெடுத்தது. ஆறு பாடம், 4000 வார்த்தையில் ஒரு ஆய்வுக் கட்டுரை, 'நமக்குத் தெரியும் என்கிறோமே, அது எப்படித் தெரியும்' என்று கேட்கிற ஒரு வகுப்பு, கூடவே சமூக சேவை. பணக்காரர்கள் படிப்பு என்றே நினைத்திருந்தேன். பிறந்ததென்னவோ நம்மைப் போல மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறினவர்கள் வீட்டில்!

இந்தியாவுக்கு அது வந்த வழி இன்னும் சுவாரசியம். பம்பாயோ டெல்லியோ இல்லை, நம்ம கொடைக்கானல். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் பிறகு கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூலாகி, 1976-ல் நாட்டிலேயே முதலாவதாக ஐ.பி.யை எடுத்துக்கொண்டது. மிஷனரிகள் குறைந்துபோன காலம். பள்ளியே மாறிய உலகத்துக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வைட்ஃபீல்டும் அப்படி ஒரு 'தயாரிப்பில்' பிறந்த ஊர்தான். 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கொடுத்த 3,900 ஏக்கரில், டி.எஸ். வைட் என்பவர் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டாக்கிய விவசாயக் குடியிருப்பு. அரசாங்க வேலையை நம்பிப் பிரயோஜனமில்லை, நிலத்தை நம்புங்கள் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் நிலத்தில் நிற்கவில்லை. கோலார் தங்கவயலுக்கும் வேறு ஊர்களுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

அந்தத் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம் தமிழர்கள். 1998-ல் இங்கே ஐ.டி.பி.எல். திறந்தது. 2000-ல் வைட்ஃபீல்ட்-சர்ஜாபூர் சாலையில் தி இண்டர்நேஷனல் ஸ்கூல் பெங்களூர் வந்தது. 2001 பிப்ரவரியில் தங்கவயலை மூடினார்கள். இப்போது அங்கிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள், அதில் தமிழ் கேட்கும். அந்தப் பிள்ளைகளை எந்தக் கையேடும் தயார் செய்யவில்லை.

ஐ.பி.யில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. தாய்மொழி இலக்கியத்தைப் பாடமாக எடுக்கலாம். ஆசிரியர் இல்லாத மொழி என்றால் மாணவரே படித்துத் தேர்வெழுதவும் வழி வைத்திருக்கிறார்கள். இவள் கன்னடம் நன்றாகவே படிக்கிறாள், இந்த ஊர்ச் சோறு சாப்பிடுகிறோம், அது நியாயம்தான். தமிழ்?

போன வாரம் பார்த்த பள்ளியில் கேட்டேன். அட்மிஷன் அம்மா கொஞ்சம் யோசித்து, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். காரில் ஏறியதும் மகள் சொன்னாள், "அப்பா, நான் பிரெஞ்சே எடுத்துக்கறேனே. மார்க் வரும்."