வில்வண்டி முதல் காயில் ஓவர் வரை

கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் பழைய மகிந்திரா ஜீப் வாங்கியிருக்கிறான். அதன் முன்பக்கப் பட்டைகளைக் கழற்றிவிட்டு "காயில் ஓவர்" மாட்டப் போகிறானாம். "தாத்தா, அப்புறம் வெள்ளிமலைக்குக் கார்ல போற மாதிரி போகலாம்" என்றான். அது என்ன சங்கதி என்று விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். ஜீப்பில் குலுங்கியவர்கள் நாம்தானே!

பட்டை நமக்குப் புதிதல்ல. கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் என்ன வித்தியாசம்? அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இருந்த அந்த இரும்பு வில்தான். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் அது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் 1804-இல் இத்தகைய வில்லைக் குதிரை வண்டிக்குப் பொருத்தக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி வந்தபோது குதிரைதான் போயிற்று, வில் போகவில்லை.

1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைதான். போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. 1940-களின் கடைசியில் மகிந்திரா அதே ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு தாலுகா ஆபீஸ், பி.டி.ஓ. ஆபீஸ், வனத்துறை, போலீஸ் என்று எங்கு பார்த்தாலும் அந்த ஜீப்தான்.

கல்வராயன் மலையில் ஜாகீர்தார் முறை 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. சாலை என்று சொல்லத் தக்கது அதற்கப்புறம் மெல்ல மெல்ல வந்ததுதான். நான் எழுத்தராக இருந்தபோது ரிக்கார்டுக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஜீப்பில் மலையேறியிருக்கிறேன். கோமுகி அணையைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். வாய் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வோம்!

ஏன் அப்படித் தூக்கிப் போட்டது என்பது இப்போதுதான் புரிகிறது. அந்த ஜீப்பில் முன்பட்டையின் பின்முனை சேஸில் அசையாத போல்ட்டில் இருக்கும். முன்முனைதான் ஆடும் சேக்கிளில் இருக்கும். சக்கரம் கல்லில் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். பின்னால் நீள வழியில்லை, முன்னால்தான் நீள வேண்டும். ஆக, கல் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிற அதே நேரத்தில் பட்டை அச்சை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் மோதிக்கொள்வதை நம் இடுப்பு வாங்கிக்கொண்டது. போதாததற்குத் துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டால், சின்னக் குழிகளுக்கு வில் அசையவே அசையாது.

ஆனாலும் பட்டையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தனி ஆளாக மூன்று வேலை பார்க்கிறது. பாரம் சுமக்கிறது. அச்சு முன்னே பின்னே, இடம் வலம் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் உரசுவதால் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. மெயின் பட்டை ஒடிந்தால் மரக்கட்டையைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, டிரைவர் வண்டியைக் கீழே இறக்கிவிடுவார். ஒடிந்ததற்கு மாற்றுப் பட்டை கொல்லுப் பட்டறையிலேயே கிடைக்கும்.

சுருள் வில்லுக்குத் தெரிந்தது ஒரே வேலை, பாரம் சுமப்பது. மற்றதற்கெல்லாம் வேறு ஆள் போட வேண்டும். துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர். இதைப் பிரெஞ்சில் "அமோர்த்திசேர்" என்போம், அதிர்வைச் சாகடிப்பது என்ற பொருளில். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு வேடிக்கை. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதுவதற்கும் பிரெஞ்சில் "அமோர்த்திஸ்மான்" என்றுதான் பெயர். சர்க்கார் ஜீப்பில் நான் பார்த்தது அந்த இரண்டாவது வகை மட்டும்தான்! இன்றைய விலையுயர்ந்த காயில் ஓவர்களில் இருக்கும் வாயு அடைத்த ஒற்றைக் குழாய் ஷாக்கை உருவாக்கியவரும் தெ கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர்தான். ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி 1950-களில் அதை எடுத்துக்கொண்டு பெரிதாக வளர்ந்தது.

அந்த ஷாக் குழாயைச் சுற்றியே சுருள் வில்லை மாட்டி ஒரே உருப்படியாகச் செய்தால் அதுதான் காயில் ஓவர். குழாயின் மேல் மரை வெட்டி, வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

பட்டையைக் கழற்றியதும் அச்சைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. முன்னே பின்னே நகராதிருக்க நீளக் கைகள் வேண்டும். பக்கவாட்டில் நகராதிருக்க, சேஸிலிருந்து அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பி வேண்டும். பட்டறையில் "பன்ஹார்டு ராடு" என்கிறார்கள். அது "பனார்" என்ற பழைய பிரெஞ்சுக் கார் கம்பெனியின் பெயர். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் முழு அச்சு, சுருள் வில், நீளக் கைகள், பனார் கம்பி எல்லாம் கம்பெனியிலேயே பூட்டி வந்தன. அதைப் பட்டறையில் செய்யும்போதுதான் சிக்கல். பனார் கம்பியும் ஸ்டியரிங் கம்பியும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இல்லாவிட்டால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகவே திரும்பப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் அது விளையாட்டல்ல. பட்டை தன் பாரத்தைச் சேஸில் இரண்டு இடத்தில் இறக்கும். காயில் ஓவரோ ஒரே இடத்தில் குத்தும். ஆகவே சேஸைப் பலப்படுத்தி அங்கே கோபுரம் மாதிரி ஒன்றை வெல்டிங் செய்ய வேண்டும். அச்சில் சூடு அதிகமானால் அது கோணிக்கொள்ளும். சக்கரம் முன்னைவிட அதிகம் இறங்குவதால் பிரேக் ஹோசும் எட்டாமல் போகலாம்.

நம் நாட்டுக் கம்பெனி வண்டிகளிலும் முன்பக்கப் பட்டை மெல்லத்தான் விலகியது. 2000-இல் வந்த பொலேரோவில் முன்னால் சுருள், பின்னால் பட்டை. 2010-இல் வந்த தாரில் முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் அப்போதும் பட்டைதான். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரில்தான் முன்னும் பின்னும் ஷாக்கைச் சுற்றிய சுருள் வந்தது. வில்லிஸிலிருந்து கணக்குப் போட்டால் 79 வருடம்.

இதற்கெல்லாம் மேலே சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. வண்ணம் மாற்றுவது வேறு. சேஸை வெட்டி ஒட்டிய ஜீப்பில் ஆள் ஏற்றி, மலையில் ஏதாவது நடந்துவிட்டால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

என்னைக் கேட்டால், பழைய ஜீப்புக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. பட்டைக் கட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, படுத்துப்போன பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, நடுவில் கிரீஸ் தடவி அடுக்க வேண்டும். சேக்கிள் புஷ்களையும் நான்கு ஷாக்குகளையும் புதிதாகப் போட வேண்டும். காற்றை இரண்டு மூன்று பவுண்டு குறைக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எழுத்து மாறாது. கோமுகி அணைக்கு மேலேயும் கொஞ்சம் பேசிக்கொண்டு போகலாம்.