'டக்'குன்னு ஒரு சத்தம் - கார் ஏசி கிளட்ச்சின் கதை

ஆணி கொஞ்சம் அதிகம், அதனால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு எழுத வெச்சது என்னோட செகண்ட் ஹேண்ட் கார். கத்திரி வெயில்ல ஒரு மத்தியானம் ஏசியைப் போட்டா காத்து வருது, ஆனா அனல் காத்து. வழக்கமா பானட்டுக்குள்ளேர்ந்து கேக்குற 'டக்' சத்தத்தைக் காணோம். "கம்ப்ரஸர் போச்சு சார், புதுசு மாத்திடலாம்"னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகை என் அரை மாசச் சம்பளம்.

ஆபீஸ் நண்பர் சுலபமா ஒரு வழி சொன்னார்: "பிரஷர் சுவிட்ச் ஒயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கிடு, ஓடிடும்." முறுக்கக் கையும் வெச்சுட்டேன். ஆனா பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டே! பழைய கோடுல ஒரு 'இஃப்' கண்டிஷனைத் தூக்குறதுக்கு முன்னாடி, அதை எதுக்குப் போட்டாங்கன்னு பார்ப்போம். அப்படித் தேடப் போனா, அந்த 'டக்'குக்குப் பின்னாடி 80 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி 1939ல் (1940 மாடல்களுக்கு) தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தின கார்களை அறிமுகப்படுத்தியது. ஏசிக்கு மட்டும் 274 டாலர். குளிர்விக்கும் பகுதி பின்னாடி டிக்கியில் பெரிய இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். பெரிய குறை என்னன்னா, கம்ப்ரஸருக்குக் கிளட்ச்சே கிடையாது. இன்ஜின் ஓடினா அதுவும் ஓடும். குளிர் வேண்டாம்னா இன்ஜினை அணைச்சு, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும். மறுபடி வேணும்னா திரும்ப மாட்டணும் :-) 1941க்கு அப்புறம் பேக்கார்ட் அதை நிறுத்திட்டாங்க.

1954ல் நாஷ் அம்பாசிடர் வந்தது (நம்ம ஊரு அம்பாசிடருக்கும் இதுக்கும் பேர் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை). எல்லா பாகமும் முன்பக்கமே. சுவிட்ச் டேஷ்போர்டில், கம்ப்ரஸரில் மின்காந்தக் கிளட்ச். விஷயம் எளிமையானது. புல்லி எப்பவும் சும்மா சுத்திக்கிட்டிருக்கும். காயிலுக்கு மின்சாரம் போனதும் காந்தம் முன்னாடி இருக்குற தட்டை இழுத்து புல்லியோட ஒட்ட வைக்கும். அந்த ஒட்டுற சத்தம்தான் 'டக்'.

சரி, கிளட்ச் வந்தாச்சு. மின்சாரத்தை எப்போ கொடுக்கக் கூடாதுங்கிறதுதான் அடுத்த பாடம். கம்ப்ரஸருக்குன்னு தனியா எண்ணெய் பம்ப் போற குழாய் கிடையாது, கேஸோட சேர்ந்துதான் எண்ணெயும் சுத்தி வருது. கேஸ் கசிஞ்சு குறைஞ்சா எண்ணெயும் திரும்பி வராது. காய்ஞ்சுபோய் ஓடி, கடைசியில் ஜாம் ஆயிடும்.

இதுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1970களின் தொடக்கத்தில் ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. கேஸ் குறைஞ்சா கம்ப்ரஸருக்குத் திரும்பி வர்ற ஆவி வழக்கத்தை விட சூடா இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சுவிட்ச் மூடிக்கிட்டு, ஒரு குட்டி ஃப்யூஸை உருக்கிடும். கிளட்ச்சுக்கு மின்சாரம் கட். கசிவைப் பார்க்காம ஃப்யூஸை மட்டும் மாத்தினவங்களுக்கு மறுபடியும் அதே ஃப்யூஸ் உருகும். பின்னாடி வந்த குறைந்த அழுத்த சுவிட்ச் இதே வேலையை எதையும் உருக்காம செய்யுது. நான் முறுக்கப் போனது இதோட ஒயரைத்தான்!

கேஸுக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து ஆர்-12, ஓசோனை அரிக்கும்னு 1974ல் மோலினாவும் ரோலண்டும் சொன்னாங்க. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1994 மாடல்களுக்குள் அமெரிக்கக் கார்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. அது ஓசோனைத் தொடாது, ஆனா புவியைச் சூடாக்குறதில் கரியமில வாயுவை விட சுமார் 1,430 மடங்கு. அதனால 'குறைஞ்சா நிரப்பிக்கலாம்'கிற பழைய பழக்கம், காசை விட ஊருக்குத்தான் கேடு.

இதெல்லாம் படிச்சப்புறம் கேள்வியே மாறிடுச்சு. "கம்ப்ரஸர் கெட்டுப்போச்சா?" இல்லை, "அதை ஓடாதேன்னு தடுக்குறது யாரு?"

மல்டிமீட்டரை எடுத்தேன். ஃப்யூஸ் சரி. ரிலே சரி. கிளட்ச் காயில் வரைக்கும் 12 வோல்ட் வரலை. இன்ஜினை அணைச்சுட்டு, பேட்டரியிலிருந்து நேரா காயிலுக்கு ஒரு நொடி கொடுத்தேன். 'டக்'! ஆக கிளட்ச் உயிரோட இருக்கு. (வோல்ட் வந்தும் 'டக்' வரலைன்னா காயிலோ எர்த்தோ போயிருக்கும். இல்லைன்னா தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி தேய்ஞ்சு அகலமாயிருக்கும். அரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டிய இடைவெளி அது.) மின்சாரம் நின்னது பிரஷர் சுவிட்சில்.

ஏசி வேலை மட்டும் பார்க்குற ஒரு பெரியவர்கிட்ட வண்டியை விட்டேன். கேஜ் மாட்டிப் பார்த்துட்டு சிரிச்சார். "கேஸே இல்ல தம்பி. சுவிட்ச் அதோட வேலையைத்தான் பாக்குது." ஒரு குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை. நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவினதும் குமிழ் குமிழா வந்தது. இறுகிப்போன ஒரு ஓ-ரிங். அதை மாத்தி, வேக்கம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏத்தினார். மொத்தச் செலவு, கம்ப்ரஸருக்குக் கேட்டதில் ஒரு சின்னப் பங்கு. ஒயரை முறுக்கியிருந்தா, நல்லா இருந்த கம்ப்ரஸரை நானே கொன்னிருப்பேன்.

இப்போ வர்ற நிறைய கார்களில் கிளட்ச்சே இல்லை. கம்ப்ரஸர் எப்பவும் சுத்தும், பம்ப் பண்ற அளவை மட்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் வரைக்கும் குறைச்சுக்கும். மின்சாரக் கார்களில் பெல்ட்டே கிடையாது. பேக்கார்டில் தொடங்கின சுத்து திரும்ப அங்கேயே வந்து நிக்குது, என்ன, பெல்ட்டைக் கழட்டத்தான் யாரும் இறங்க வேண்டாம். என் பழைய வண்டி மட்டும் சிக்னலில் நிக்கும்போதெல்லாம் 'டக்'குங்குது. முன்னெல்லாம் அது காதுல விழுந்ததே இல்லை. இப்போ ஒவ்வொரு தடவையும் விழுது.

உங்க வண்டி இப்படி 'மாட்டேன்'னு அடம் பிடிச்ச கதை இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.