கணக்கன்பட்டியில் கிளம்பிய கபடி

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தாண்டியபின், பழனிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர் கணக்கன்பட்டி. தெற்கே கொடைக்கானல் மலை. சுற்றிலும் மழையை நம்பிய காடுகள், கிணற்றை நம்பிய தோட்டங்கள். 2009 ஜனவரிக் கடைசியில் திரைக்கு வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் கதை இந்த ஊரில்தான் நடக்கிறது. இயக்குநர் சுசீந்திரன் இந்த வட்டாரத்துக்காரர். அது அவருடைய முதல் படம், நாயகன் விஷ்ணு விஷாலுக்கும் முதல் படம். வசனம் எழுதியவர் தேனிப் பக்கத்துச் சிறுகதையாளர் பாஸ்கர் சக்தி. இசை, கஞ்சிரா கலைஞர் வி. செல்வகணேஷ். பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லை.

கதை எளிமையானது. எங்கே ஆடப் போனாலும் தோற்றுத் திரும்பும் ஓர் ஊர்க்குழு. நிலக்காரரிடம் கூலிக்கு வேலை பார்க்கும் மாரிமுத்து. திருவிழாவுக்கு வந்துபோகிற ஒரு பெண்மேல் அவனுக்குக் காதல். மதுரையில் நடக்கும் போட்டிக்குப் போன இடத்தில் ஒரு பயிற்சியாளர் இந்தப் பையன்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். கிஷோர் நடித்த அந்தப் பாத்திரம் அதட்டுகிறது, ஓடவிடுகிறது, ஆனால் ஒருவனையும் சாதி பார்த்து நிறுத்துவதில்லை. ஆட்டக்களத்துக்குள்ளும் சாதி வந்து நிற்கிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. இறுதியில் குழு ஜெயிக்கிறது, மாரிமுத்து செத்துப்போகிறான். மறு திருவிழாவில் அந்தப் பெண் அவனைத் தேடி வருகிறாள்.

இந்த முடிவை வேறொரு படத்தின் முடிவோடு வைத்துப் பார்க்கலாம். 1962-இல் டோனி ரிச்சர்ட்சன் எடுத்த ‘தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ என்ற பிரிட்டிஷ் படத்தில், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட தொழிலாளி வீட்டுப் பையன் ஜெயிக்கப்போகிற ஓட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். அவனுடைய வெற்றியில் பெருமைப்படக் காத்திருந்த அதிகாரிக்கு அதைக் கொடுக்க மறுப்பதே அவனுக்கு விடுதலை. மாரிமுத்துவால் அப்படி நிற்க முடியாது. நாளெல்லாம் அடுத்தவர் காட்டில் உழைக்கிற உடம்பு, தனக்காகவும் தன் கூட்டாளிகளுக்காகவும் உழைக்கிற ஒரே இடம் களம்தான். அதனால்தான் அவன் சாவு எனக்குச் சோக முடிவாக மட்டும் தெரிவதில்லை. ஒரு கூலிக்காரப் பையன் ஜெயிப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியாகவே அது நிற்கிறது.

படம் கணக்கன்பட்டியை விட்டுக் கிளம்பியதும் முதலில் ஓடியது கதையல்ல, பரோட்டா. குழுவில் ஒருவராக வந்த சூரி கடையில் பந்தயம் கட்டிச் சாப்பிட்டு, எண்ணிக்கையில் தகராறு வந்ததும் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடத் தயாராகும் காட்சி தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. அவர் ‘பரோட்டா சூரி’ ஆனார். அந்தக் காட்சியை நான் குறை சொல்லமாட்டேன். பசியும் வீம்பும் ஒரே ஆளிடம் அப்படிச் சேர்ந்து நின்றது நம் சினிமாவில் அபூர்வம். ஆனாலும் அதை மட்டும் தனியாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள், அந்தப் பையன்கள் எதற்காக ஆடினார்கள் என்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதே சூரி 2023-இல் ‘விடுதலை’யில் நாயகனானார். குழுவில் இன்னொருவராக வந்த அப்புக்குட்டி, சுசீந்திரனின் ‘அழகர்சாமியின் குதிரை’க்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வாங்கினார்.

2010-இல் கதை ஆந்திரக் கடற்கரைக்குப் போய் ‘பீமிலி கபடி ஜட்டு’ ஆயிற்று. நாயகன் நானி. விசாகப்பட்டினத்துப் பக்கத்திலுள்ள பீமிலியில் கணக்கன்பட்டியின் கதை வேர்பிடித்தது எனக்கு வியப்பில்லை. தோற்கிற குழு எந்தக் கிராமத்திலும் உண்டு.

இதற்கிடையே ஆட்டமே மாறியது. 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் சேர்ந்த கபடி, 2014-இல் புரோ கபடி லீக்காகத் தொலைக்காட்சிக்குள் வந்தது. 2017-இல் தமிழ்நாட்டு அணியான ‘தமிழ் தலைவாஸ்’ அதில் சேர்ந்தது. மண்ணுக்குப் பதில் பாய்விரிப்பு. மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நேரம் பாடிப்போன ஆட்டத்துக்கு 30 விநாடி எல்லை. ஆடுகிறவனுக்குப் பணமும் பெயரும் வந்தன. அது நல்லது, வரவேண்டியதுதான்.

2019-இல் வேறொருவர் இயக்கத்தில் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டில் சுசீந்திரன் ‘கென்னடி கிளப்’ எடுத்தார். ஒட்டன்சத்திரத்துப் பெண்கள் கபடி அதற்குக் கரு. பயிற்சியாளர்களாகப் பாரதிராஜாவும் சசிகுமாரும் வந்தார்கள், நிஜக் கபடி வீராங்கனைகள் நடித்தார்கள். இப்போது களத்தில் இருப்பவர்கள் பையன்கள் அல்ல, அவர்களின் தங்கைகள். பத்தாண்டுக்கு முன் மாரிமுத்துவுக்குத் தடையாக இருந்தவை கூலியும் சாதியும். இந்தப் பெண்களுக்கு முன்னால் லஞ்சம் கேட்கும் தேர்வாளரும் உட்கார்ந்திருக்கிறார்.