பிரிக்பீல்ட்ஸில் முதல் வாடகை வீடு: சாவி வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலருக்கு, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் இருந்தன. இன்று வேலைக்காகவோ படிப்புக்காகவோ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் வீட்டைத் தாங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். கே.எல். சென்ட்ரல் நடந்துபோகும் தூரம், துன் சம்பந்தன் சாலையில் நம்ம ஊர் சாப்பாடு, பக்கத்திலேயே கோயில் என வசதிகளைப் பார்த்ததும் உடனே பணத்தைக் கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் நாளில் எவ்வளவு பணம் வேண்டும்?

மலேசியாவில் பரவலான வழக்கம் இது: இரண்டு மாத வாடகை டெபாசிட், மின்சாரம் - தண்ணீருக்கு அரை மாத டெபாசிட், அதோடு முதல் மாத வாடகை. மாத வாடகை 1,500 ரிங்கிட் என்றால் 3,000 + 750 + 1,500. மொத்தம் 5,250 ரிங்கிட். இதில் 3,750 ரிங்கிட் உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய பணம். இது சட்டம் விதித்த கணக்கு அல்ல, வழக்கம்தான். அதனால் பேசிப் பார்க்கலாம்.

யாரிடம் பணம் கொடுக்கிறோம்?

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரிங்கிட் கூட அனுப்பாதீர்கள். ஏஜெண்ட் என்றால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணம் அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் கணக்குக்குப் போகவேண்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு அல்ல.

உரிமையாளரே நேரடியாக வாடகைக்கு விடுகிறாரா? மாநகர மன்றத்தின் மதிப்பீட்டு வரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். வீடு எடுத்திருக்கும் ஒருவரிடமிருந்து ஓர் அறையை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், உள்வாடகைக்கு விட உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். சம்மதம் இல்லையென்றால், உரிமையாளர் வந்து கேட்கும் நாளில் நீங்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கலாம்.

உங்களிடமும் பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதியைக் கேட்பார்கள். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரை வீட்டில் வைத்திருப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அதனால்தான் இந்தக் கேள்வி.

ஒப்பந்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

வீட்டு வாடகைக்கென தனிச்சட்டம் வேண்டும் என்று மலேசியாவில் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அப்படி ஒன்று இல்லாத நிலையில், 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அதாவது, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பாதுகாப்பு. வாய்ப்பேச்சை நம்பக்கூடாது.

இந்த நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கணும்:

• டெபாசிட் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், எந்தக் காரணங்களுக்காகப் பிடித்துக்கொள்ளலாம்
• ஏசி, குழாய், வயரிங் கெட்டுப்போனால் செலவு யாருடையது
• காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு
• வேலை போய்விட்டாலோ, அனுமதி ரத்தாகிவிட்டாலோ, பாதியில் டெபாசிட்டை இழக்காமல் வெளியேற வழி. வெளிநாட்டவருக்கு இந்தக் கடைசி அம்சம் மிகவும் அவசியம்.

முத்திரை வரி கட்டணுமா?

கட்டணும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்டவேண்டும். தாமதித்தால் அபராதம். ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை 3 ரிங்கிட். நம் உதாரணத்தில் ஆண்டு வாடகை 18,000. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வரி 72 ரிங்கிட்தான். முதல் 2,400 ரிங்கிட்டுக்கு முன்பு இருந்த விலக்கு 2025 ஜனவரியிலிருந்து இல்லை.

டெபாசிட்டை எப்படிக் காப்பாற்றுவது?

சாவி வாங்கும் நாளிலேயே சுவர், தரை, குளியலறை, மெத்தை, ஏற்கெனவே இருக்கும் கீறல் என எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர் அளவையும் சேர்த்து எடுங்கள். "கடைசி ரெண்டு மாசம் டெபாசிட்டிலேயே கழிச்சுக்கோங்க" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அது வாடகை பாக்கியாகவே கணக்கிடப்படும்.

வாடகை பாக்கி இருந்தாலும், ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், உரிமையாளர் தானாகவே பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2) படி அவர் நீதிமன்றம் போகத்தான் வேண்டும்.

காலி செய்த பிறகும் டெபாசிட் வரவில்லையா? முதலில் தேதியுடன் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். நம் உதாரணத்தின் 3,750 ரிங்கிட் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. அன்று உங்களுக்காகப் பேசப்போவது 72 ரிங்கிட் கட்டி முத்திரையிட்ட அந்தத் தாளும், முதல் நாள் எடுத்த படங்களும்தான்.