நாலு எம்பி வீடு

லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003-இல் சிலர் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைத் தந்தாகணும். கேள்விகள் குவிந்தபின் நிறுவனம் தந்தது. அதிலிருந்துதான் 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது.

என்னை ஈர்ப்பது அந்த இடநெருக்கடி. 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ராம், அவ்வளவுதான். மேசைக் கணினியில் உட்கார்ந்து மிப்ஸ் சில்லுக்கான கெர்னலை கம்பைல் பண்ணி, வேண்டாததையெல்லாம் கழற்றிப்போட்டு, உள்ளே திணிக்கணும். ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி செங்கல். (அதற்கும் வழி உண்டு: பூட்லோடர் சில நொடி காத்திருக்கும்படி முன்பே அமைத்திருந்தால், அந்த இடைவெளியில் டிஎஃப்டிபி வழியாக மறுபடி அனுப்பலாம்.)

இத்தனைக்கும் பிறகு பெட்டி நம்முடையதா? முழுசாக இல்லை என்பேன். வைஃபை டிரைவர் மட்டும் மூடிய பைனரி, 2.4 கெர்னலோடுதான் ஒட்டும். 2.6 வந்து வருஷக்கணக்கான பிறகும், அந்த ஒரு டிரைவருக்காகப் பழைய கெர்னலையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.