எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். புதிதாகச் சேர்ந்த புரொபேஷனரி ஆபீசர் ஒருவர், வாடிக்கையாளர் சர்வேக்கு 384 பேரைக் கேட்டால் போதும் என்று எழுதிக் கொண்டுவந்தார். எங்கள் வட்டாரத்தில் வாடிக்கையாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மேலதிகாரி சிரித்துவிட்டார். "பத்து சதவீதமாவது வேண்டாமா?" மனசுக்குள் நானும் அவர் கட்சிதான். பி.காம். படித்துவிட்டு, ஆடிட் என்றால் 'இத்தனை சதவீதம் வவுச்சர் பார்' என்றே இருபது வருஷம் பழகியவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், பையன் சொன்னதுதான் சரி. 1970இல் க்ரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணை அது. எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு மனப்பாடம். பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டத்துக்கு 370 பேர். பத்து லட்சம் பேருக்கு? 384தான். (ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், நூற்றில் 95 தடவை சரியாக வரும் என்ற கணக்கில்.) கூட்டம் எவ்வளவு பெரிசு என்பதல்ல, எவ்வளவு கலவையானது என்பதுதான் கேள்வி. வீட்டுப் பானையானாலும் கல்யாண அண்டாவானாலும் பதம் பார்க்க நாலு பருக்கைதானே எடுக்கிறோம்? நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிழையைப் பாதியாக்க நினைத்தால் நாலு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். அங்கேதான் செலவு இடிக்கும்.

இந்தச் செலவுக் கணக்கை இந்தியாவில் உட்கார்ந்து போட்டவர், நான் இப்போது வேலை பார்க்கும் இதே கொல்கத்தாக்காரர். பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1931இல் அந்தக் கல்லூரியின் ஓர் அறையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். இன்று அது பாராநகரில், பி.டி. ரோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியே போகும்போது மரங்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே என்ன நடந்தது என்று யோசித்ததில்லை.

அவருக்கு வந்த வேலை சணல். வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நம் ஊர்க் கர்ணம் மாதிரி வயல் வாரியாகப் பதிவு வைக்கும் ஆள் அங்கே கிடையாது. 1793இல் வந்த ஜமீன்தாரி நிலவரி ஏற்பாடு அப்படி. விளைச்சல் கணக்கெல்லாம் பெரும்பாலும் உத்தேசம்தான். 1937இல் ஆரம்பித்தவர், உடனே பெரிய சர்வேயில் இறங்கவில்லை. முதலில் சின்ன இடத்தில் செய்து பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் விரித்து, 1941இல்தான் மாகாணம் முழுக்கப் போனார். வரைபடத்தில் குலுக்கல் முறையில் சின்னச் சின்னக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஆளை அனுப்பினார். கட்டம் பெரிசா இருக்கலாமா, சின்னதா நிறைய எடுக்கலாமா? ஆள் நடக்க எவ்வளவு நேரம், வயலைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் என்று எல்லாம் குறித்துக்கொண்டார். கையில் இருக்கும் பணத்துக்கு மிகக் குறைந்த பிழை எதில் வரும் என்பதே அவர் போட்ட கணக்கு. நம்ம பட்ஜெட் வேலை மாதிரிதான்!

இன்னொன்றும் செய்தார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி சாம்பிள். இரண்டு குழு, ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ரொம்ப விலகினால் எங்கோ தப்பு. வங்கிக்காரனுக்கு இதைவிட நன்றாக எது புரியும்?

நாற்பதுகளின் நடுவே அரசாங்கமும் தன் பங்குக்கு வயல் வயலாக முழுக் கணக்கு எடுத்தது. ஏறத்தாழ 33,000 பேர், 82 லட்சம் ரூபாய். சாம்பிள் சர்வேக்கு 600 பேர், 8 லட்சம். முழுக் கணக்குப்படி 63 லட்சம் பேல் சணல். சாம்பிள்படி 75 லட்சத்துச் சொச்சம். சுங்க, வியாபாரக் கணக்கைப் பார்த்தால் அதுவும் 75 லட்சத்துச் சொச்சம். 33,000 பேரைப் பயிற்றுவிப்பது, கண்காணிப்பது யாரால் முடியும்? ஆட்கள் கூடக் கூட எழுத்துப் பிழையும் அலட்சியமும் கூடுகின்றன. சாம்பிளைப் பெரிசாக்கினால் இந்தப் பிழை குறையாது.

இதெல்லாம் சணலுக்கு. அரிசிக்கு நம்பகமான கணக்கு இல்லாத அதே வங்காளத்தில்தான் 1943இல் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதன் பிறகு 386 கிராமங்களில் போய், 15,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கேட்டு, யார் நிலத்தை விற்றார்கள், யார் பிச்சைக்குப் போனார்கள் என்று எழுதி வைத்ததும் இவர்கள்தான்.

1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது, சுமார் 5.6 லட்சம் கிராமங்களில் முதல் சுற்றுக்கு எடுத்தவை 1,833. அரை சதவீதம்கூட இல்லை. எங்கள் மேலதிகாரி அப்போது இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் :-)

மஹலனோபிஸ் எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்றில்லை. விளைச்சலை அளக்க ரொம்பச் சின்ன வட்டமாக அறுத்தால், ஓரத்துச் செடியையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று பி.வி. சுகாத்மே காட்டினார். பயிர் அறுவடைச் சோதனையில் பெரிய கட்டமே நிலைத்தது.

அந்தக் கட்டத்தை நான் நேரில் பார்த்தது ஒடிசாவில், கிராமக் கிளையில் இருந்தபோது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க்காப்பீட்டு விதிப்படி, முக்கியப் பயிருக்கு ஒரு மாவட்டத்துக்குக் குறைந்தது 24 சோதனை. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு 4. அந்த நாலின் சராசரிதான் அப்போது மொத்தப் பஞ்சாயத்துக்கும் இழப்பீட்டை முடிவு செய்தது. சின்ன இடம், அதனால் நாலு போதும் என்று நானும் அப்போது நம்பினேன். கிராமத்துக்குள் வித்தியாசம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடம் சின்னதானதால் மட்டும் சாம்பிளும் சின்னதாகிவிட முடியாது. இரண்டு லட்சம் பேருக்கு 384 போதும் என்று சொல்லும் அதே கணக்குதான் இதையும் சொல்கிறது. பள்ளத்து வயலும் மேட்டு வயலும் கலந்த ஊரில் நாலு கட்டம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துப் பணம் வரும், வராமல் போகும்.

ஒரு வருஷம் பணம் வரவில்லை. மேட்டு நிலக்காரர் ஒருவர் பாஸ்புக்கோடு வந்து என் மேஜை முன்னால் நின்று கேட்டார்: "பாபு, அந்த நாலில் ஒன்றாவது எங்கள் பக்கம் அறுத்தார்களா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கடனைப் புதுப்பிக்க எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன்.