சங்கு விற்றவரின் மக்கள்

மலையேறி வந்த நம் முன்னோர்க்கு இருளே முதற்பகை. மூணாற்றுத் தோட்ட லயங்களிலும் பாலக்காட்டு எல்லைச் சிற்றூர்களிலும் மின்விளக்கு வருமுன் அவ்விருளை ஓட்டியது மண்ணெண்ணெய் விளக்கே. எண்ணெய் தீர்ந்த தகரமோ தண்ணீர் சுமந்தது, அரிசி காத்தது, கூரைக்கும் தகடாயிற்று. மண்ணெண்ணெயைக் கிழக்கு நாடுகளெங்கும் பரப்பியவர்களுள் ஒரு குடும்பத்தார், நம்மைப் போலவே, குடிபெயர்ந்தோர் வழிவந்தவர். அந்த யூதக் குடும்பத்தின் வரலாற்றில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

சாமுவேல் குடும்பத்தார் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாப் பெருநிலத்தினின்றும் இலண்டன் வந்து குடியேறினர். அவ்வழியில் தோன்றிய மார்க்கஸ் சாமுவேல், கீழ்நாட்டுக் கப்பல்களில் வந்த சங்கு, சிப்பிகளை வாங்கி, சிறு பெட்டிகளில் ஒட்டுவித்து, கடற்கரைக்கு உலாவ வருவோர்க்கு விற்றார். சிறு வணிகந்தான். ஆயினும் கீழ்நாட்டு வணிகர்களின் நம்பிக்கையை அது ஈட்டித் தந்தது.

தந்தையின் பெயரையே தாங்கி 1853-இல் பிறந்த மகன் மார்க்கஸ், உடன்பிறந்தாருடன் அந்நம்பிக்கையையே முதலாகக் கொண்டார். அக்காலத்தில் அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி எண்ணெயைத் தகரங்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் வைத்து அனுப்பி வந்தது. அதனால் இடம் வீணாயிற்று, செலவும் மிகுந்தது. கப்பலின் வயிற்றையே தொட்டியாக்கி எண்ணெய் ஏற்றும் முறை அப்போதே இருந்தது. எனினும் தீவிபத்துக்கு அஞ்சிச் சூயஸ் கால்வாயார் அத்தகைய கப்பல்களை விடவில்லை. அவர்கள் ஏற்கத்தக்க பாதுகாப்புடன் மார்க்கஸ் புதுக் கப்பல் கட்டுவித்தார். 1892 ஆகஸ்டில் அது ஏறத்தாழ 4,000 டன் ரஷ்ய மண்ணெண்ணெயுடன் கால்வாயைக் கடந்தது.

ஆயினும் ஓர் இடர் நேர்ந்தது. கீழ்நாட்டு மக்கள் எண்ணெயோடு தகரத்தையும் விரும்பினர். வெறும் எண்ணெய்க்கு ஏனம் கொண்டுவர மனங்கொள்ளவில்லை. உடனே சாமுவேல் சகோதரர்கள் தகடு அனுப்பி, ஆங்காங்கே தகரங்கள் செய்வித்து, சிவப்பு வண்ணம் பூசி விற்றனர். ஏழை வீட்டின் தேவையறிந்ததே வெற்றிக்கு வழியாயிற்று.

அம்முதற் கப்பலின் பெயர் முரெக்ஸ். அது ஒருவகைக் கடற்சங்கின் பெயர். பின்வந்த காங்க், கிளாம் முதலிய கப்பல்களும் சங்கு, சிப்பிகளின் பெயரையே பெற்றன. 1897-இல் தொடங்கிய கம்பெனிக்கும் சிப்பி எனப் பொருள்படும் ஷெல் என்றே பெயரிட்டனர். 1902-இல் இலண்டன் மாநகரத் தலைவராக உயர்ந்த மார்க்கஸ், தந்தை விற்ற சரக்கை மறைத்தாரல்லர். அதனையே தம் கம்பெனிக்கு அடையாளமாக்கினார்.

1907-இல் ஷெல் ஒரு டச்சுக் கம்பெனியுடன் இணைந்தபோது, அதற்குக் கிடைத்தது 100-க்கு 40 பங்கே. ஆட்சி கைமாறிற்று. இந்தியாவில் 1928-இல் தோன்றிய பர்மா-ஷெல் 1976-இல் அரசுடைமையாயிற்று. இன்று அது பாரத் பெட்ரோலியம். கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கும் கரூருக்கும் எண்ணெய் செலுத்தும் 292 கிலோமீட்டர் குழாயும் அந்நிறுவனத்துக்கு உரியதே. செல்வம் கைமாறியது, சங்கு விற்ற தந்தையின் நினைவைத் தாங்கிய பெயரோ உலகெங்கும் நின்றது.

பாட்டி கொழுந்தெடுத்தார், பாட்டனார் தலைச்சுமையாகத் துணி விற்றார் என்று சொல்ல நம் இளைஞர் சிலர் நாணுகின்றனர். நாண வேண்டுவதில்லை. முன்னோர் எவ்வூரினின்று வந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பார்களாக. சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனைச் செய்து முடிப்போம்.